படத்தில் விழாத கல்

பிரீனா கால்வாயின் நடுவில் கணுக்காலளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். இடதுகரையில் பதினான்கு பெண்கள். வலதுகரையில் பதினேழு பெண்கள். போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு கரைதான் விழுந்தது.

"கொஞ்சம் இறங்கி வந்து சேந்து நில்லுங்க," என்று அவள் மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

யாரும் அசையவில்லை. இரண்டு கரைக்காரிகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் அவளை மட்டுமே பார்த்தார்கள். மண்வெட்டிகள் தோளில் இருந்தன. நேற்று வரை ஒரே தூக்குவாளியிலிருந்து மோர் குடித்தவர்கள்.

புன்னைக்கரையில் நூறு நாள் வேலைக்கு அவள்தான் பொறுப்பாளர். முன்பெல்லாம் ஆள் வந்ததைக் கண்ணால் பார்த்து எழுதினால் போதும். இப்போது எல்லோரையும் ஒரே படத்தில் பிடித்து போனிலேயே ஏற்ற வேண்டும். காலையில் ஒரு படம், மத்தியானத்துக்குப் பிறகு ஒரு படம். படத்தில் முகம் விழாதவள் எத்தனை கூடை சேறு சுமந்திருந்தாலும் அன்றைக்கு வேலைக்கு வராதவள்தான்.

வேறு வழியில்லாமல் பின்னால் நகர்ந்து நகர்ந்து, முதுகு பாலத்துக் கல்லில் முட்டும்வரை போய், இரண்டு கரையையும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவந்தாள். திரையில் பார்த்தபோது யாரோ ஒரு படத்தை நடுவில் கிழித்துவிட்டு, கிழிசலைக் கொஞ்சம் விலக்கிவைத்தது மாதிரி இருந்தது. முகங்கள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. ஏற்றிவிட்டாள்.

பத்து நிமிடத்தில் யூனியன் ஆபீசிலிருந்து போன் வந்தது. இதென்ன படம், ஆளா எறும்பா என்று கேட்டார்கள். காலைப் படத்தை இன்றைக்கு மட்டும் விட்டுவிடுகிறோம், மத்தியானப் படமும் இப்படி வந்தால் எல்லோருக்கும் வேலை இல்லை என்று போட்டுவிடுவோம் என்றார்கள். சரி சார் என்றாள். இன்றைக்கு என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

இன்று மூன்று மணிக்கு எஸ்.ஐ. வருகிறார். அதற்குள் மேலத்தெருவும், சர்ச்சைச் சுற்றிய பிரீனாவின் வேதக்கோயில் தெருவும் பேசித் தீர்க்காவிட்டால் இரண்டு பக்கப் புகாரையும் பதிந்துவிடுவார். பதிந்தால் முதல் பெயர் டெனிஷ். அவளுடைய தம்பி. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு அவனுக்கு விசா வந்துவிட்டது. காவல் நிலையத்திலிருந்து இவன்மேல் வழக்கு இல்லை என்ற சான்று ஒன்றுதான் பாக்கி. இரண்டாவது பெயர் மேலத்தெரு குலசேகரனின் மகன் ஸ்ரீனிவாசன். அவன் போலீஸ் வேலைக்கே எழுத்துத் தேர்வு எழுதித் தேறி, ஓட்டத்துக்கும் கயிறு ஏறுவதற்கும் தயாராகிக்கொண்டிருப்பவன். ஒரே காகிதத்தில் இரண்டு பேருடைய வழியும் அடைபடும்.

எல்லாம் ஒரு கல்லால் வந்தது. அந்தக் கல்லை எடுத்தது யார் என்று டெனிஷுக்குத் தெரியாது. பிரீனாவுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வேலை பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது. பாலம் இருக்கும் இடமென்றால் அதன் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று படம் எடுப்பாள். அவள் குள்ளம். தரையில் நின்று எடுத்தால் முன்வரிசைத் தலைகள் பின்வரிசையை மறைத்துவிடும். அன்று ஏறி நிற்க ஒன்றுமில்லை. தங்கபாய்தான் தாழம்புதரைக் காட்டினாள். கொடிகளை வெட்டியபோது உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் கிடந்தது, பாசியும் மண்ணுமாக. தங்கபாயும் வேதக்கோயில் தெருக்காரி, தோள் அகலமானவள், வாயும் அப்படித்தான். மேலத்தெரு பகவதியம்மாள் அவளோடு கை கொடுத்தாள். இரண்டு பேரும் கடப்பாரையால் நெம்பி, தூக்கி, பாதி தூரம் உருட்டிக்கொண்டு வந்து நடுக்கரையில் போட்டார்கள்.

"ஏறு மக்கா. ஏறி நிண்ணு மலைப்பிரசங்கம் செய்யி," என்றாள் தங்கபாய். எல்லோரும் சிரித்தார்கள். பகவதியம்மாள் மூச்சிரைத்தபடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிரீனா செருப்பைக் கழற்றாமல் ஏறினாள். அன்றைய படத்தில் முப்பத்தோரு பேரும் பல் தெரிய நின்றார்கள். அந்த மாதத்திலேயே நல்ல படம் அது. கல் மட்டும் படத்தில் இல்லை. அது எடுத்தவளின் காலுக்குக் கீழே இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேலத்தெரு ஆண்கள் பொங்கல் பானையும் சேவலுமாகத் தாழம்புதருக்கு வந்தார்கள். கால்வாயில் தண்ணீர் வருவதற்கு முந்திய செவ்வாயில் கரை காக்கும் பூதத்தானுக்குப் படைப்பது அவர்கள் வழக்கம். வருடத்தில் அந்த ஒருநாள்தான் அங்கே எண்ணெயும் சந்தனமும். மற்ற நாளெல்லாம் கொடி மூடிக் கிடக்கும். பெண்கள் அங்கே போகக்கூடாது. வயலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். வந்து பார்த்தால் கொடி வெட்டிக் கிடக்கிறது. பூதத்தான் இருந்த இடத்தில் ஒரு குழி.

முந்தின நாள் சாயங்காலம் டெனிஷும் கூட்டாளிகளும் பாலத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். போன மாதம் கிரிக்கெட் மைதானத்தில் அவனுக்கும் ஸ்ரீனிவாசனுக்கும் வாய்த்தகராறு வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அதோடு விட்டிருந்தால்கூட ஒருவேளை ஆறியிருக்கும். சங்கதி காதில் விழுந்த அரைமணி நேரத்தில் டெனிஷ் வாட்ஸப் ஸ்டேட்டஸில் டிப்பர் லாரி நிறைய கருங்கல் இருக்கும் படத்தைப் போட்டு, 'யாருக்காவது கல்லு வேணுமா' என்று எழுதிவைத்தான். சிரிப்புக்காகப் போட்டானாம். அதைப் பார்த்தபிறகு மேலத்தெருவில் யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு தெருவும் பாலத்தில் மோதிக்கொண்டன. டெனிஷுக்கு உதடு கிழிந்தது. ஸ்ரீனிவாசனுக்குப் புருவத்துக்கு மேல் நான்கு தையல்.

பிரீனா வீட்டுக்குப் போய் அம்மா ஜெயபாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயபாய் முதலில் கதவைச் சாத்தினாள். பிறகு மெதுவான குரலில், வாயைத் திறந்தால் வெட்டிப்போடுவேன் என்றாள். அவன் திருடினான் என்கிறார்கள், நீ அவர்கள் சாமியின் தலையில் செருப்போடு ஏறி நின்றேன் என்று சொல்லப்போகிறாய், எது பெரிது என்று நீயே யோசி என்றாள். சபைக் கமிட்டி நேசையனும் வந்து, வக்கீலிடம் பேசியாகிவிட்டது, யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. அவள் மட்டும் சொன்னால் தம்பிக்காக அக்காள் கட்டிய கதை. அதை யாராவது நம்பினால் இன்னும் மோசம். கல்லைத் தூக்கிய இன்னொரு ஜோடிக் கை சொல்ல வேண்டும். அந்தக் கை மேலத்தெருக் கோயில் கமிட்டிச் செயலாளர் குலசேகரனின் மனைவி பகவதியம்மாளுடையது.

பகவதியம்மாள் இடதுகரையின் கோடியில் தனியாக வெட்டிக்கொண்டிருந்தாள். பிரீனா வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அளவு பார்க்கிறவள் மாதிரி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

அவளுக்கும் தெரிந்திருந்தது. முகத்திலேயே தெரிந்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள். மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஆண்கள் குழியைச் சுற்றி நின்று கத்தியதும், அது எந்தக் கல் என்று புரிந்துவிட்டது என்றாள். பையன் புருவத்தில் ரத்தத்தோடு வந்தபோது, இது தனக்கு வந்தது, அவன் வாங்கிக்கொண்டான் என்று நினைத்தாளாம். சொல்லிக்கொண்டே வெட்டினாள். மண்வெட்டி ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"நீங்க சொன்னா நம்புவாவ, மாமி," என்றாள் பிரீனா.

"சொல்லிட்டு நான் எங்கே போவேன்? அந்த வீட்டுக்குள்ள எனக்கு அடுப்படி உண்டா?"

"மூணு மணிக்கு எழுதிட்டா ரெண்டு பேருக்கும் போச்சு."

பகவதியம்மாள் நிமிர்ந்தாள். அவள் பார்வை பிரீனாவின் செருப்பில் விழுந்து, அங்கேயே கொஞ்சநேரம் நின்றது. திட்டப்போகிறாள் என்று பிரீனா நினைத்தாள். அவள் கேட்டது வேறு. அதை அப்புறம் எங்கே போட்டோம் என்று கேட்டாள்.

பிரீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை படம் எடுத்து முடிந்ததும் கல் நடுக்கரையிலேயே கிடந்தது. அதற்கப்புறம் எல்லோரும் சேற்றை வாரி அதே கரையில்தான் கொட்டினார்கள். செவ்வாய் பகல் முழுக்கவும் கொட்டினார்கள். இப்போது பாலத்திலிருந்து தாழம்புதர் வரைக்கும் இடுப்பளவு சேற்றுக் குவியல்கள், ஒரே மாதிரி, பன்னிரண்டோ பதிமூன்றோ. அவற்றில் ஒன்றுக்குள் பூதத்தான் இருந்தார். வெயிலில் மேல்பரப்பு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஏதோ பெரிய விலங்குகள் வரிசையாகப் படுத்து உறங்குவது போல அவை கிடந்தன.

எதிர்க்கரையிலிருந்து தங்கபாய் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் ஆண்கள் வந்தார்கள். எஸ்.ஐ. வந்து இடத்தைப் பார்ப்பதற்குமுன் தங்கள் பக்கத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று இரண்டு தெருவுக்குமே தோன்றியிருந்தது. மேலத்தெருவிலிருந்து குலசேகரன் முன்னால் வந்தார், ஒல்லியான மனிதர், வேட்டியை மடித்துக் கட்டாமல் நடப்பவர். பின்னால் புருவத்தில் பிளாஸ்திரியோடு ஸ்ரீனிவாசன், இன்னும் பத்துப் பதினைந்து பேர். வேதக்கோயில் தெருவிலிருந்து நேசையன், டெனிஷ், அதே அளவு ஆட்கள். ஒரு கூட்டம் குழியைச் சுற்றி நின்றது. மற்றது பாலத்தில் நின்றது. நடுவே கரை நெடுகச் சேற்றுக் குவியல்களும் பெண்களும்.

ஸ்ரீனிவாசன் தங்கள் தெருப் பெண்களைப் பார்த்து, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றான். பாலத்திலிருந்து ஒருவன், போலீஸ் ஆகுமுன்னேயே ஆர்டர் போடுறான் பாரு என்றான். சிரித்தார்கள். டெனிஷ் சிரிக்கவில்லை. அவனால் உதட்டை விரிக்க முடியாது.

"கல்லைத் தூக்கின கையை முறிச்சிட்டுத்தாம்ல நான் போலீஸாவேன்," என்றான் ஸ்ரீனிவாசன்.

அவன் அம்மாவின் கையிலிருந்து மண்வெட்டி நழுவி விழுந்தது. பிரீனாவுக்கு மட்டும் அது கேட்டது.

நேசையன், வாயை அடக்கிப் பேசு தம்பி என்றார். யார் வாயை யார் அடக்குவது என்று குழிப்பக்கம் இருந்து கேட்டார்கள். பாலத்தில் நின்றவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். ஒருவன் குனிந்து கரையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டான், தோண்டுவதற்கு எடுப்பவன் மாதிரி இயல்பாக. குழிப்பக்கம் ஒருவன் மண்வெட்டியைக் காம்பிலிருந்து தட்டிக் கழற்றினான். இரும்பு சேற்றில் விழுந்தது, காம்பு கையில் நின்றது. பெண்கள் மெல்லப் பின்வாங்கினார்கள், அவரவர் தெரு ஆண்களின் பக்கமாக. அந்த ஒதுங்கலில் நடுக்கரை காலியானது. அங்கே பிரீனா மட்டும் நின்றாள், பதிவேடும் போனுமாக.

அவளுக்கு அம்மா சாத்திய கதவு ஞாபகம் வந்தது.

"கல்லை டெனிஷ் எடுக்கல்ல," என்றாள். "நாந்தான் அதில ஏறி நிண்ணேன். திங்கட்கிழமை. படம் எடுக்கதுக்கு."

உடனே குழிப்பக்கத்திலிருந்து யாரோ, தம்பிய காப்பாத்த அக்கா நல்லா கதை பழகியிருக்கா என்றான். நேசையன் பாலத்திலிருந்து, ஏ பிள்ளே, மிண்டாம இரு என்று பல்லைக் கடித்தார். குலசேகரன் மட்டும் அவளையே பார்த்தார். நீ ஏறி நின்றாயா என்று திருப்பிக் கேட்டார். குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முழங்கால் உயரக் கல்லை உன் உயரத்துக்கு ஒற்றை ஆளாக எப்படித் தூக்கினாய், உன்னோடு இருந்தவர்கள் யார், உங்கள் தெருவில் எத்தனை பேர் சேர்ந்து செய்தீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் பின்னால் நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

பிரீனா இடதுகரையின் கோடியைப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்தது போலாகும். அவள் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மண் வெட்டும் சத்தம் கேட்டது.

பகவதியம்மாள் முதல் குவியலை வெட்டிக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்காமல், புடவையை இடுப்பில் செருகி, காலை அகட்டி நின்று, மேலிருந்து வெட்டிக் கால்வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளினாள். மூன்று நாள் வேலை திரும்பப் போய் விழுந்தது. என்ன செய்கிறாய் என்று குலசேகரன் கேட்டார். அவள் வெட்டினாள். அந்தக் குவியலில் ஒன்றுமில்லை. அடுத்ததற்குப் போனாள்.

தங்கபாய் கால்வாயில் இறங்கி, இந்தப் பக்கம் ஏறி, அவளுக்கு எதிரே நின்று அதே குவியலை மறுபக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள். இரண்டு மண்வெட்டிகளும் மாறி மாறி விழுந்தன, பழகின கைகள், ஒன்றோடொன்று முட்டவில்லை. வேதக்கோயில் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மேலத்தெருவிலிருந்து ஒருத்தி கூடையோடு வந்தாள். அப்புறம் யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்று பிரீனாவால் எண்ண முடியவில்லை. கம்பும் கடப்பாரையுமாக வந்த ஆண்கள் குவியலுக்கும் குவியலுக்கும் இடையில் நின்று, சேறு தெறிக்காமலிருக்க ஒதுங்கினார்கள். சண்டை போட ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, உங்கிட்டதான் கேக்கேன்," என்றார் குலசேகரன்.

பகவதியம்மாள் மண்வெட்டியை ஊன்றினாள்.

"நாங்க எடுத்தோம்."

"நாங்கன்னா யாரு?"

அவர் கேட்டதில் காரணம் இருந்தது. முப்பது வருடமாக அவள் நாங்கள் என்று சொன்னால் அதில் அவரும் அவர் வீடும் மேலத்தெருவும் இருந்தன. இப்போது அவள் சொன்ன நாங்களில் அவர் இல்லை. அது அவருக்கு மட்டுமல்ல, அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"நாங்கன்னா நாங்கதான். நானும் தங்கபாயும் நெம்பித் தூக்கினோம். இந்தப் பிள்ளை ஏறி நிண்ணா. பாக்கிப் பேரு நிண்ணு சிரிச்சோம்."

"பூதத்தான்னு தெரியல்லியா உனக்கு?"

"எப்படித் தெரியும்? கல்யாணம் கழிஞ்ச வருசத்திலேர்ந்து மேட்டுல நிண்ணு கும்பிடுன்னு சொன்னீங்கோ. கும்பிட்டேன். அங்கேர்ந்து எனக்குத் தெரிஞ்சது பச்சையா ஒரு கரைதான், எந்தப் புதருன்னு தெரியாது. கிட்ட கூட்டி வந்து ஒருநாள் காட்டித் தந்திருந்தா கை வச்சிருப்பேனா?"

குலசேகரன் பின்னால் நின்ற கிழவர் ஒருவர் குழியைப் பார்த்தார், பிறகு வயலுக்கு அப்பால் இருந்த மேட்டைப் பார்த்தார், தூரத்தை அளப்பவர் மாதிரி.

ஸ்ரீனிவாசன் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். சற்றுமுன் முறிப்பேன் என்று சொன்ன கைகள். முழங்கை வரை சேறாக இருந்தன. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஐந்தாவது குவியலில் மண்வெட்டி கல்லில் இடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எல்லா மண்வெட்டிகளும் நின்றன. தங்கபாய் குனிந்து கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, சூடுபட்டவள் மாதிரி இழுத்துக்கொண்டாள்.

"இனி யாரும் தொடாண்டாம்," என்றார் குலசேகரன்.

பெண்கள் வழிவிட்டார்கள். அவர் வேட்டியை முதன்முறையாக மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மண்டியிட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளினார். துண்டைக் கால்வாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். பாசி போன இடத்தில் இரண்டு வட்டங்கள் மங்கலாகத் தெரிந்தன, கண்களைப் போல. பகவதியம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இருபதடி தள்ளி நின்று அந்தக் கண்களை முதன்முதலாகப் பார்த்தாள்.

ஸ்ரீனிவாசனும் இன்னும் மூன்று பேரும் கல்லைத் தூக்கிக் குழிக்குக் கொண்டுபோனார்கள். நான்கு ஆண்கள் அதைத் தூக்குவதற்குப் பட்ட பாட்டைப் பார்த்து, வேதக்கோயில் தெருப் பெண் ஒருத்தி தங்கபாயின் விலாவில் இடித்தாள். தங்கபாய் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

சாந்தி செய்ய வேண்டும், ஆள் அழைத்து நாள் பார்க்க வேண்டும் என்று மேலத்தெருக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பாதி முகங்களில் கோபம் அப்படியே இருந்தது. அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. நேசையன் பாலத்திலிருந்து இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று, அறியாமல் நடந்தது, எங்கள் பிள்ளையும் அதில் இருந்தாள், சபை சார்பில் வருத்தம் சொல்கிறோம் என்றார். கூட்டத்தில் பேசிப் பழகிய குரல். குலசேகரன் அவரைத் தாண்டி டெனிஷைப் பார்த்தார்.

"அந்த டிப்பர் படம் நீ போட்டதுதானே?"

டெனிஷ் தலையசைத்தான். போட்டது தப்புதான் என்று அவன் சொன்னபோது உதட்டுக் காயத்தால் பாதி எழுத்து வெளியே வரவில்லை. தையலுக்கு என்ன சொல்கிறாய் என்று ஸ்ரீனிவாசன் கேட்டான். உதட்டுக்கு நீ என்ன சொல்கிறாய் என்று இவன் கேட்டான். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடப்பாரை எடுத்தவன் அதை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான். காம்பு கழற்றியவன் இரும்பைச் சேற்றில் தேடிக்கொண்டிருந்தான்.

குலசேகரன் போனை எடுத்துக் காவல் நிலையத்துக்குப் பேசினார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் எழுதப்படும்.

"சார், கல்லு கிடைச்சாச்சு," என்றார். "மண்ணுக்குள்ள கிடந்துது. தூர்வாருனதுல மூடிப்போச்சு." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவர் மனைவியைப் பார்த்தார், பிரீனாவைப் பார்த்தார். "இல்ல சார். யாரும் எடுக்கல்ல. பிராது வேண்டாம்."

நேசையனும் அவரிடமிருந்து போனை வாங்கி, எங்கள் பக்கமும் வேண்டாம் சார் என்றார்.

டெனிஷ் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். மஸ்கட் அவன் விரல்களுக்கிடையில் எங்கோ இருந்தது, நழுவிவிடாமல். பிரீனா அவனிடம் போகவில்லை. மணி இரண்டேகால். அவளுக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது.

ஆண்கள் கலைந்தார்கள். குலசேகரன் கரையேறி நின்று, திரும்பிப் பார்க்காமல், வீட்டுக்கு வா என்றார். யாரிடம் சொன்னார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பகவதியம்மாள் மண்வெட்டியைக் கழுவினாள். கால்களைக் கழுவினாள். முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டாள். அவள் போய்விடுவாள் என்று பிரீனா நினைத்தாள். போனால் அந்த வீட்டில் இன்று என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும். போகாவிட்டாலும் யாருக்குத் தெரியும்.

"மத்தியானப் படம் எடுக்கல்ல," என்றாள் பகவதியம்மாள். "இப்ப வந்தா காலையிலேர்ந்து செய்ததெல்லாம் வீணு. நீங்க நடங்கோ. நான் வாறேன்."

குலசேகரன் வீட்டுக்கு நடக்கவும் செய்யாமல், திரும்பவும் செய்யாமல், கரையோரத் தென்னையின் நிழலுக்குப் போய் நின்றார். அவள் வந்தபிறகு சேர்ந்து போவதற்கா, வந்ததும் கேட்பதற்கா என்று அவர் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

பிரீனா செருப்பைக் கழற்றிப் பாலத்தடியில் போட்டுவிட்டு வந்தாள். ஏறி நிற்க ஒன்றுமில்லை. யாரும் தேடவும் இல்லை. தரையில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு பக்க ஓரமும் வெளியே போயிற்று.

"இன்னும் அடுத்து நில்லுங்க," என்றாள். "முன்னால உள்ளவிய உக்காருங்க. தங்கபாயக்கா, உள்ள தள்ளுங்க."

"இதுக்குமேல தள்ளினா நான் பகவதியக்காவுக்க மடியிலதான் இருக்கணும்."

"இரு. எனக்கென்ன," என்றாள் பகவதியம்மாள். குரலில் சிரிப்பு இல்லை. ஆனால் நகர்ந்து இடம் விட்டாள்.

தோளும் தோளும் ஒட்டின. பின்வரிசைக்காரிகள் முன்வரிசைக்காரிகளின் தோளில் கைவைத்துக் குனிந்தார்கள். சேறு யாருடையது யாருடையதில் பட்டது என்று தெரியவில்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. இன்னும் கொஞ்சம் என்றாள் பிரீனா. முப்பது. முப்பத்தொன்று.

எடுத்துவிட்டாள். ஏற்றுவதற்கு அமுக்கியதும் திரையில் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. அந்த இடத்தில் நெட் எப்போதுமே மெதுவாகத்தான் கிடைக்கும். ஏறவில்லையென்றால் மறுபடியும் எடுக்க வேண்டும். அதனால் யாரும் கலையவில்லை. மூச்சுக்கூடப் பலமாக விடாமல், நெருக்கிக்கொண்டு, அப்படியே நின்றார்கள்.

தென்னை நிழலில் குலசேகரனும் நின்றுகொண்டிருந்தார்.

"ஏறிட்டா மக்கா?" என்று கேட்டாள் பகவதியம்மாள்.

"ஏறிட்டிருக்கு மாமி," என்றாள் பிரீனா. "அசையாதிங்க."